பதினான்கு இடம், ஐந்து நாள்

குரும்பகரம். தை பிறந்து இரண்டு வாரம். தெருவில் காயப்போட்ட சம்பா நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடுகிறார்கள். விளக்கு வைக்கும் நேரம்.

கூடத்தில் ஒரு மேசை. அதன் மேல் பித்தளைச் செம்பு. செம்பில் சாய்ந்து நிற்கிறது கைபேசி. திரையில் மகள். பாரிசுக்குப் பக்கத்து நகர் ஒன்றில் அவள் வீடு. இங்கே மாலை ஆறரை. அங்கே பிற்பகல் இரண்டு.

அப்பா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். அவர் முன்னால் நீள நோட்டு, இரும்பு ஸ்கேல், பூதக்கண்ணாடி, சிவப்பு மைப் பேனா. முதுகில் துணி ஒட்டிய அட்லஸ் ஒன்று விரிந்து கிடக்கிறது. கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே ஒரு தீவு, ஐஸ்லாந்து. அதன் மேல் பூதக்கண்ணாடி நிற்கிறது.

அம்மா தரையில் உட்கார்ந்து அகத்திக்கீரை ஆய்கிறார். கை கீரையில். காது மேசையில்.

"எழுதிக்குங்கப்பா."

மகள் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறாள். அப்பா தமிழில் எழுதுகிறார். திங்வெட்லிர். கெய்சிர். குட்ல்ஃபோஸ். எழுதியதை வாய்விட்டுப் படிக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து பேத்தி திருத்துகிறாள். அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்.

செல்யலண்ட்ஸ்ஃபோஸ். ஸ்கோகாஃபோஸ். ரெய்னிஸ்ஃப்யாரா. யோகுல்சார்லோன். ப்ளூ லகூன். அகுரேரி. மீவட்ன். ஹூசாவிக். டெட்டிஃபோஸ். ஸ்னைஃபெல்ஸ்நெஸ். லண்ட்மன்னலௌகர்.

கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு கோடு. ஓரத்தில் எண் போடுகிறார். பதினான்கு.

"அஞ்சு நாள்தானே பாப்பா?"

"அஞ்சு நாள்தாம்பா."

அப்பா ஸ்கேலை எடுக்கிறார்.

*

சுவரில் இரண்டு படங்கள். ஒன்றில் இந்த வீட்டுத் தாத்தா, வேட்டி துண்டுடன். மற்றதில் சம்பந்தி வீட்டுத் தாத்தா, பிரெஞ்சு ராணுவ உடுப்பில். காரைக்காலில் அவரைப் போன்றவர்களைச் சொல்தா என்பார்கள்.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த பகுதி. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் அவகாசம். சம்பந்தி வீட்டுத் தாத்தா எழுதிக்கொடுத்தார். இந்த வீட்டுத் தாத்தா எழுதிக்கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் கருஞ்சிவப்பு. மேசை மேல் இருக்கும் இரண்டும் கருநீலம். கருஞ்சிவப்புக்கு அந்தத் தீவுக்கு விசா வேண்டாம். கருநீலத்துக்கு வேண்டும்.

*

முதலில் மாதம்.

பேத்திக்கு வானத்தில் ஆடும் பச்சை ஒளி பார்க்க வேண்டும். அது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, இருட்டு இருக்கிற மாதங்களில்தான் தெரியும். டிசம்பரில் அங்கே பகல் நான்கு மணி நேரம். சாலையில் பனிக்கட்டி. மாப்பிள்ளை தலையை ஆட்டுகிறார். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். அறை வாடகை உச்சத்தில்.

அப்பா தினசரி காலண்டரைப் பார்க்கிறார். அதில் அவருடைய கணக்கு வேறு. இப்போது சம்பா அறுப்பு. அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்தாகிவிட்டது. பங்குனியில் உளுந்து எடுத்துவிடலாம். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12. கடைமடைக்குத் தண்ணீர் வர அதற்குப் பிறகும் நாளாகும். நடுவில் வயலுக்கு ஆள் வேண்டாத மாதம் மே.

பிரான்சில் மே மாதத்தில் ஒரு வியாழன் விடுமுறை. ஏசு விண்ணேறிய திருநாள். வெள்ளிக்கு லீவு போடலாம். சனி, ஞாயிறு தானாக வரும். முன்னால் புதன்கிழமையைச் சேர்த்தால் ஐந்து நாள்.

உளுந்தும் திருநாளும் மே நடுவில் சந்திக்கின்றன. அப்பா தேதிகளைச் சுற்றி வட்டம் போடுகிறார். பேத்தியின் பச்சை ஒளி போகிறது. அவள் முகம் திரையிலிருந்து விலகுகிறது.

"அங்க விளக்கு வைக்கிற நேரம் எப்போ?" அம்மா முதல்முறையாகக் கேட்கிறார்.

"அந்த மாசத்துல ராத்திரி பத்தரைக்குத்தாம்மா சூரியன் மறையும்."

கீரை ஆயும் கை நிற்கிறது. பிறகு தொடர்கிறது.

*

அப்பா வகுப்பு எடுக்கிறார். கேட்பவர் எதிர்வீட்டிலிருந்து வந்த அவருடைய அண்ணன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

தீவின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,000. தமிழ்நாட்டில் ஏழு கோடிப் பேருக்கு மேல். அங்கே நான்கு லட்சத்துக்கும் குறைவு. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பனிப்பாறை. காரைக்கால் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 11 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அந்தத் தீவின் தலைநகர் ரெய்க்யவிக் 64 டிகிரி. ரயில் கிடையாது.

"ரயிலே கெடயாதா?" அண்ணன் நிமிர்ந்து உட்காருகிறார்.

ரோடு மட்டும்தான். தீவைச் சுற்றி ஒரே நெடுஞ்சாலை. எண் 1. சுற்று ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். தார்ச்சாலையில் வேக வரம்பு 90. ஜல்லிச் சாலையில் 80.

சிவப்புப் பேனா வகுத்தல் கணக்கு போடுகிறது. பாரிசிலிருந்து விமானம் மூன்றரை மணி நேரம். புதன் பாதி விமானத்தில் போகும். ஞாயிறு பாதி விமானத்தில் போகும். நடுவில் முழு நாள் மூன்று. 1,300-ஐ மூன்றால் வகுத்தால் நாளுக்கு 430-க்கு மேல். குரும்பகரத்திலிருந்து சென்னைக்குப் போய், அதோடு திரும்பிப் பாதி வழி வருகிற தூரம். மூன்று நாளும். அம்மாவுக்கு முழங்கால் வலி.

வடக்கு முழுவதும் அடிபடுகிறது. அகுரேரி, ரெய்க்யவிக்கிலிருந்து 390 கிலோமீட்டர். கோடு. மீவட்ன் அதற்கும் அப்பால். கோடு. திமிங்கிலம் பார்க்கும் ஹூசாவிக். கோடு. டெட்டிஃபோஸ் அருவி. கோடு.

மேற்கே நீளும் மூக்கு ஸ்னைஃபெல்ஸ்நெஸ். தெற்கே போகிறவர்களுக்கு எதிர்த் திசை. கோடு.

லண்ட்மன்னலௌகர் மலைகளுக்குப் போகும் பாதை கோடை நடுவில்தான் திறக்கும். மே மாதத்தில் பூட்டு. கோடு.

ஸ்கேல் கீழே வைக்கப்படுகிறது. எட்டு மிச்சம்.

*

மறுவாரம். அதே நேரம், அதே செம்பு. மேசையில் இரண்டு டம்ளர் சுக்குக் காப்பி.

இந்த வாரம் மாப்பிள்ளை பேசுகிறார். வாடகைக் கார் அவர் பொறுப்பு.

"மாமா, இங்க இன்சூரன்சே நாலு விதமா இருக்கு."

ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைந்தால் ஒன்று. மணலும் எரிமலைச் சாம்பலும் காரின் பெயின்ட்டை உரித்தால் ஒன்று. காற்றில் கதவு பிய்ந்தால் பெரும்பாலும் எதிலும் அடங்காது. காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்த வேண்டும். கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். சாலையை விட்டு இறங்கி ஓட்டுவது சட்டப்படி குற்றம். டயர் கிழித்த பாசி மறுபடி வளரப் பல பத்தாண்டு ஆகும்.

அப்பா எழுதிக்கொள்கிறார். "கதவு" என்ற சொல்லுக்குக் கீழே கோடு.

அங்கே வானிலை எச்சரிக்கைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இங்கேயும் அதே மூன்று நிறம்தான் டி.வி.யில் வருகிறது. காரைக்கால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதன் எண்ணை இந்தத் தெருவில் சிறு பிள்ளையும் சொல்லும்.

அண்ணன் கொல்லைப் பக்கம் பார்க்கிறார். அங்கே ஒரு தென்னையின் மொட்டை அடிமரம். கஜா புயல் விட்டுப்போனது. 2018 நவம்பர் 16, விடியலுக்கு முன். அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது.

"சிவப்புன்னா வெளிய கெளம்பக் கூடாது" என்கிறார் அண்ணன். யாரும் மறுக்கவில்லை.

"ஆரஞ்சுன்னாலும்" என்கிறார் அப்பா. எழுதுகிறார்.

*

ப்ளூ லகூன். பால் நீல வெந்நீர்க் குளம். மகளின் பட்டியலில் நட்சத்திரம் போட்ட இடம்.

அப்பா அதற்குப் பக்கத்து ஊர் பெயரைப் படத்தில் தேடிக் காட்டுகிறார். கிரிண்டாவிக். மீனவர் ஊர். 2023 நவம்பர் 10 இரவு, தரை பிளக்கத் தொடங்கியதும் ஊர் மொத்தமும் வெளியேற்றப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் எரிமலைப் பிளவு பலமுறை வாய் திறந்தது. குளம் மூடப்படும். திறக்கும். மறுபடி மூடப்படும்.

2010 ஏப்ரலும் நோட்டில் இருக்கிறது. எய்யாஃப்யட்லயோகுட்ல். பனிப்பாறைக்கு அடியில் வெடித்த எரிமலை. அதன் சாம்பல் ஐரோப்பிய வானில் ஏறக்குறைய ஒரு வாரம் விமானங்களை நிறுத்திவைத்தது.

"முன்பணம் கட்டாம இருக்கலாம்" என்கிறார் மாப்பிள்ளை.

"வெந்நீர்க் குளம் ரெய்க்யவிக்ல தெருவுக்குத் தெரு இருக்காம்" என்கிறார் அப்பா. பூமிக்கடியிலிருந்து வரும் சூட்டில்தான் அந்த நாட்டு வீடுகள் குளிர் தாங்குகின்றன. ஊர்க்காரர்கள் வேலை முடிந்து போய் அந்தக் குளங்களில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

நட்சத்திரத்தின் மேல் கோடு.

யோகுல்சார்லோன். பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி. ரெய்க்யவிக்கிலிருந்து 370 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள். பேத்தி ஏரியின் படத்தைத் திரையில் தூக்கிப் பிடிக்கிறாள். நீலக் கட்டி ஒன்று. அதன் மேல் கடல்நாய்.

அப்பா பேனாவை மூடுகிறார். இன்றைக்குக் கோடு போடவில்லை.

*

கரிய மணல் கடற்கரை. ரெய்னிஸ்ஃப்யாரா. நேராக வெட்டி அடுக்கிய கருங்கல் தூண்கள். எரிமலைக் குழம்பு ஆறும்போது தானே அறுகோணமாய்ப் பிளந்தவை. கடலுக்குள் சில பாறைகள் நிற்கின்றன.

மகள் ஒரு வீடியோ அனுப்புகிறாள். ஆட்கள் கரையில் முதுகு காட்டி நிற்கிறார்கள். ஐந்தாறு அலை சிறிதாக வருகிறது. அடுத்த அலை தூண்கள் வரை வருகிறது. ஆட்கள் ஓடுகிறார்கள். ஒருவர் விழுகிறார். எழுகிறார்.

எழாமல் போனவர்களும் உண்டு. கரைக்குப் போகும் வழியில் விளக்குக் கம்பம். மஞ்சள், சிவப்பு. கடலுக்கு முதுகு காட்டாதே என்று பலகை.

அம்மா எழுந்து வந்து செம்பின் முன் நிற்கிறார். வீடியோவை மறுபடி போடச் சொல்கிறார். பார்க்கிறார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி. அம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்ட இடம் கடற்கரை ஊர். அந்தத் தங்கையின் கல்யாணப் படம் உள்ளறையில் இருக்கிறது. மாலை போட்டது.

"எட்ட நின்னு பாத்தாப் போதும்" என்கிறார் அம்மா.

அப்பா பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே எழுதுகிறார்: வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து. பேத்தியின் பெயரை எழுதி அடைப்புக்குறிக்குள்: கையைப் பிடித்துக்கொண்டு.

*

சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் வருகிறது. தந்தித்தாளில் சுற்றியது. உள்ளே சொல்தா தாத்தாவின் கம்பளிக் கோட்டு. ரசகற்பூர வாசனை. பித்தளைப் பொத்தான் ஐந்து. ஆறாவது இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பொத்தான்.

அப்பா போட்டுப் பார்க்கிறார். கை விரல் நுனி வரை மூடுகிறது. மின்விசிறியை ஐந்தில் வைக்கிறார் அம்மா. இரண்டு நிமிடத்தில் நெற்றியில் வியர்வை. கழற்றவில்லை. நிலைக்கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நிற்கிறார்.

"நனைஞ்சா நாலு கிலோ ஆயிடும்பா" என்கிறாள் மகள்.

அங்கே மே மாதப் பகல் 10 டிகிரி தாண்டினால் நல்ல நாள். மழை பக்கவாட்டில் வரும். குடை நிற்காது. வேண்டியது மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டும் கம்பளிப் பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே நீர் புகாத மெல்லிய ஜாக்கெட். பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது.

அம்மா கட்டிலில் பருத்திப் புடவைகளை எடுத்து அடுக்கியிருக்கிறார். ஒவ்வொன்றாக மறுபடி பீரோவுக்குப் போகிறது. கடைசியில் ஒன்று மட்டும் கட்டிலில். மாம்பழ நிறம், அரக்குக் கரை.

"இது ரூமுக்குள்ள கட்டிக்க."

சுடிதார் தைக்க அளவு கொடுக்க வேண்டும். நெடுங்காட்டில் ஒரு தையல்கடை. அம்மா இதுவரை சுடிதார் போட்டதில்லை. அளவு எடுக்கும்போது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தையல்காரப் பெண் காரணம் கேட்கிறாள். அம்மா சொல்கிறார். அளவு நாடா ஒரு கணம் காற்றில் நிற்கிறது.

"அங்க என்னக்கா இருக்கு?"

"அருவி."

*

சாப்பாட்டுப் பட்டியல் அம்மாவின் கையெழுத்தில். பருப்புப்பொடி. புளிக்காய்ச்சல். நார்த்தங்காய். நெய். முறுக்கு. பால்கோவா. கறிவேப்பிலை.

மகள் திரையில் படித்துக் குறைக்கிறாள். பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் வரக் கூடாது. நெய் போகிறது. பால்கோவா போகிறது. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய்க்கு வேண்டாம்.

அம்மா கறிவேப்பிலையை உருவி முறத்தில் நிழலில் காயவைக்கிறார். நான்காம் நாள் பொடி.

அந்தத் தீவில் ஹோட்டல் சாப்பாடு விலை அதிகம். சமையலறை வைத்த வீடாகப் பார்க்கிறார் மாப்பிள்ளை. அரிசி பாரிசிலிருந்து வரும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீர்க் குழாயில் கந்தக வாசனை அடிக்கும்.

"பயப்படாதீங்கம்மா. குளிக்கலாம்."

*

மாசி. நோட்டுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் கோப்பு. பென்ஷன் புத்தகம். வங்கிக் கணக்கு, மூன்று மாதம். நிலப் பட்டா நகல். மகள் வசிக்கும் ஊரின் மெரி, அதாவது நகராட்சி, கொடுத்த வரவேற்புச் சான்று. 30,000 யூரோ வரை மருத்துவச் செலவுக்குக் காப்பீடு. புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், காதும் நெற்றியும் தெரிய.

பிரான்சில் ஒரு மாதம். ஐஸ்லாந்தில் ஐந்து நாள். அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதனிடம்தான் விண்ணப்பம். ஆகவே பிரெஞ்சு விசா. ஐஸ்லாந்து 2001 மார்ச் முதல் ஷெங்கன் நாடு. பாரிசிலிருந்து அங்கே இறங்கும்போது இன்னொரு விசா வேண்டாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ.

விடியற்காலை பேருந்து. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர். கோப்பு அப்பாவின் மடியில். சிதம்பரத்தில் டீ குடிக்க இறங்கும்போதும் கோப்பு கூடவே இறங்குகிறது.

புதுச்சேரி விசா மையம். டோக்கன். நாற்காலி வரிசை. பாதிப் பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பேத்தி பிறந்திருக்கிறது, பேரனுக்குக் கல்யாணம், மகனுக்கு ஆபரேஷன். ஐஸ்லாந்து என்று யாரும் சொல்லவில்லை. அப்பா மெதுவாகச் சொல்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

பத்து விரல் ரேகை. அப்பாவுடையது உடனே விழுகிறது. அம்மாவின் வலது ஆள்காட்டி விரல் விழவில்லை. நாற்று நட்ட விரல், புளி கரைத்த விரல், பாத்திரம் தேய்த்த விரல். கண்ணாடித் தட்டில் வெறும் சாம்பல் நிறம்.

ஊழியப் பெண் ஈரத் துணியால் விரலைத் துடைக்கிறாள். தன் கையை அம்மாவின் கை மேல் வைத்து அழுத்துகிறாள். மறுபடி சாம்பல் நிறம். மறுபடி துடைக்கிறாள். மூன்றாம் முறை வளையங்கள் தெரிகின்றன. பச்சை விளக்கு.

அம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறார்.

*

பங்குனி. களத்தில் உளுந்துச் செடி காய்கிறது. பாஸ்போர்ட் இரண்டும் விசாவோடு திரும்பியிருக்கின்றன. கூடத்தில் கடைசிக் கூட்டம்.

அப்பா ஒரு செய்தியைப் படித்துக் காட்டுகிறார். தென்கரைச் சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு பனிப்பாறை நாக்கு. சோல்ஹெய்மாயோகுட்ல். வண்டியை நிறுத்திச் சற்று நடந்தால் பார்க்கலாம். அந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஆண்டுதோறும் அங்கே போய் அது எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள். அளந்து பதிகிறார்கள். முன்பு பனி இருந்த இடத்தில் இப்போது ஏரி.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க" என்கிறார் மறுபடி.

பேத்தி அந்த ஏரியின் படத்தைத் தேடி எடுக்கிறாள். அதிலும் பனிக்கட்டி மிதக்கிறது. நீலம் குறைவு. சாம்பல் கோடுகள் அதிகம். கடல்நாய் இல்லை. யோசிக்கிறாள்.

"சரி தாத்தா. நானும் அளப்பேன்."

யோகுல்சார்லோன் மேல் கோடு விழுகிறது. சோல்ஹெய்மாயோகுட்ல் பட்டியலில் ஏறுகிறது.

புதிய பக்கம். சிவப்பு மை இல்லை, நீல மை.

புதன்: கெஃப்லவிக்கில் இறங்குதல், கார், ரெய்க்யவிக் 50 கி.மீ., இரவு தங்கல்.

வியாழன்: திங்வெட்லிர். 930-இல் அந்த நாட்டு மக்கள் மன்றம் கூடத் தொடங்கிய பாறைவெளி. வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகும் இடம். அப்பா 34 வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டிய இடம். பிறகு கெய்சிர். அங்கே ஸ்ட்ரோக்கூர் ஊற்று சில நிமிடத்துக்கு ஒருமுறை வெந்நீரை மேலே அடிக்கும். காத்திருந்தால் போதும். பிறகு குட்ல்ஃபோஸ், இரண்டு படியாக 32 மீட்டர் விழும் ஆறு.

வெள்ளி: செல்யலண்ட்ஸ்ஃபோஸ், 60 மீட்டர். அருவிக்குப் பின்புறம் நடக்கும் பாதை வழுக்கும், அம்மா முன்புறம். ஸ்கோகாஃபோஸ், அதுவும் 60. படிக்கட்டு பேத்திக்கும் மாப்பிள்ளைக்கும். சோல்ஹெய்மாயோகுட்ல். கரிய மணல், எட்ட இருந்து. வீக் ஊரில் இரவு.

ஞாயிறு: திரும்புதல். 180 கிலோமீட்டரும் விமான நிலையமும்.

அண்ணன் நோட்டை வாங்கிப் படிக்கிறார். விரல் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்குத் தாவுகிறது.

"சனிக்கெழம எங்கடா?"

அப்பா நோட்டைத் திருப்பி வாங்குகிறார். சனிக்கிழமைக்கு எதிரே ஒரு சொல் எழுதுகிறார். காற்று.

மஞ்சள் வந்தால் வியாழன் வெள்ளிக்குப் போகும், வெள்ளி சனிக்குப் போகும். எந்த நிறமும் வராவிட்டால் சனிக்கிழமை வீக் ஊரில் நடந்து பார்க்கலாம். தங்கும் இடம் மூன்றுக்கும் முந்தின நாள் வரை மாற்ற வழி இருக்கிறது. மாப்பிள்ளை கேட்டு உறுதி செய்துவிட்டார்.

எட்டு இடங்கள் அடிபட்டன. ஏழு இருக்கின்றன. ஐந்து நாளில் அந்தத் தீவின் தென்மேற்கு மூலையைத்தான் பார்க்க முடியும். மூன்று முழு நாளில் ஒன்று காற்றுக்கு.